ஜவுளிக்கடைக்காரர் மகன் ஷ்வார்ஸ்மேன் பத்தி நீங்க எழுதாம விட்டது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க,

போன ஞாயித்துக்கிழமை வணிகப் பக்கத்துல, அடுத்தவங்க காசத் திரட்டி கம்பெனிங்கள வாங்கி விக்கற அமெரிக்காவோட பிளாக்ஸ்டோன் கம்பெனிய ஆரம்பிச்ச ஸ்டீபன் ஷ்வார்ஸ்மேன் பத்தி போட்டிருந்தீங்க, கடை தொறந்ததும் கல்லாவுல உக்காந்து ரெண்டு தடவ படிச்சேன். அவரு சொத்து எத்தன பில்லியன்னு மூணு இடத்துல வருது, ஆனா அவரு பண்ற தொழில் என்ன, எப்படி உள்ள வந்தாரு, எங்க அடிவாங்குனாருன்னு ஒரு வரி இல்ல. காவேரிப்பட்டினத்துல அப்பா காலத்துல இருந்து ஜவுளிக்கடை நடத்துறவன் நான், எனக்கு அதுதாங்க வேணும்.

அவரும் கடைக்காரர் மகன்தான். அப்பா பிலடெல்பியாவுல திரைச்சீலை, பெட்ஷீட் விக்கற கடை வச்சிருந்தாரு, பையன் அதுலயே நின்னு வேல பாத்திருக்காரு. இன்னும் நாலு ஊர்ல கடை போடலாம்பான்னு பையன் கேட்டதுக்கு அப்பா மாட்டேன்னுட்டாரு, வீடு இருக்கு, காரு இருக்கு, உங்கள படிக்க வைக்க காசு இருக்கு, இது போதும்னு. எங்கப்பாவும் அப்படித்தான், தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடை வாடகைக்கு வந்தப்ப நான் ஒரு வாரம் பின்னாடியே சுத்துனேன், வேணாம்டான்னு ஒரே வார்த்தையில முடிச்சிட்டாரு. அவர தப்பு சொல்ல மாட்டேன், கடன் இல்லாம எங்கள கரையேத்துனவரு.

ஷ்வார்ஸ்மேன் லேமன் பிரதர்ஸ்ங்கற அமெரிக்க முதலீட்டு பேங்க்ல பெரிய ஆளா இருந்துட்டு 1985ல பீட்டர் பீட்டர்சன்கூட சேந்து 4 லட்சம் டாலர் போட்டு பிளாக்ஸ்டோன் ஆரம்பிச்சாரு. பீட்டர்சன் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் காலத்துல வர்த்தக மந்திரியா இருந்தவரு, அவ்ளோ பழக்கம் இருந்தும் கம்பெனிங்கள வாங்கறதுக்கான ஃபண்டுக்கு காசு கேட்டு போன இடத்துல எல்லாம் கைய விரிச்சுட்டாங்க, ஏன்னா ரெண்டு பேரும் அதுவரைக்கும் சொந்தமா ஒரு கம்பெனியக்கூட வாங்கி நடத்துனதில்ல. கடைசியில புருடென்ஷியல் இன்சூரன்ஸ் 10 கோடி டாலர் தர்றோம்னு சொன்ன பிறகுதான் மத்தவங்க நம்பி வந்தாங்க. 1987 அக்டோபர் 19 அமெரிக்க சந்தை ஒரே நாள்ல 22 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சே, அந்த சமயத்துலதான் அந்த ஃபண்டுக்கு காசு திரட்டி முடிச்சாங்க, கொஞ்சம் தள்ளிப்போயிருந்தா அந்த காசு வந்திருக்குமான்னே சந்தேகம்.

அடுத்து 1989ல எட்ஜ்கோம்ப்னு ஒரு ஸ்டீல் கம்பெனிய வாங்குனாங்க, இரும்பு விலை இறங்கி போட்ட காசு மொத்தமும் போச்சு. அதுக்கப்புறம் ஒரு பார்ட்னர் சொல்றத மட்டும் கேட்டு முடிவு பண்றத நிறுத்திட்டு, எல்லாரும் ஒண்ணா உக்காந்து இதுல எங்க எங்க காசு போகும்னு பேசித் தீத்த பிறகுதான் கையெழுத்துன்னு மாத்துனாரு. நம்ம பி.காம் பசங்க படிக்க வேண்டியது இந்த எடம்ங்க, இத விட்டுட்டு சொத்துக் கணக்கு போட்டா என்ன பிரயோஜனம்.

தொழிலையும் சொல்லணும். பென்ஷன் ஃபண்டு, இன்சூரன்ஸ் கம்பெனிங்க காசத்தான் வாங்கி கம்பெனிங்கள வாங்குறாங்க, அதுக்கு ஃபண்ட நடத்துறவங்களுக்கு வருஷம் 2 சதவீதம் போல கூலி, லாபத்துல 20 சதவீதம் பங்கு, இதான் ரொம்ப நாளா வழக்கம். ஒரு கம்பெனிய வாங்கப் போடற காசுல பெரும்பங்கு கடன், அந்தக் கடன் கம்பெனிய வாங்குனவங்க பேர்ல இல்லாம வாங்கப்பட்ட கம்பெனி தலையில ஏறும். 2007ல பிளாக்ஸ்டோன் ஹில்டன் ஹோட்டல இப்படித்தான் 2600 கோடி டாலருக்கு வாங்குச்சு, அடுத்த வருஷமே உலகம் பூரா மந்தம், இருந்தும் பொறுத்திருந்து 2018ல முழுசா வெளிய வர்றப்ப சுமார் 1400 கோடி டாலர் லாபம். அதே வழியில வேற ஃபண்டுங்க 2005ல வாங்குன டாய்ஸ் ஆர் அஸ் பொம்மைக்கடை அந்தக் கடன தாங்க முடியாம 2018ல அமெரிக்காவுல கடைங்கள மூடுச்சு, 30 ஆயிரம் பேருக்கு மேல வேல போச்சு. நம்ம பக்கத்துல பெங்களூரு கோகல்தாஸ் எக்ஸ்போர்ட்ஸ், துணி தைக்கற கம்பெனி, அதையும் பிளாக்ஸ்டோன் 2007ல வாங்கி பத்து வருஷம் வச்சிருந்து பெரிய நஷ்டத்துலதான் வித்துட்டு போச்சு. லாபம் மட்டுமே கிடைச்ச மனுஷன் இல்ல அவரு, நஷ்டமும் பாத்தவரு.

இவ்ளோ சொல்றதுக்கு காரணம் எங்க வீட்டு விஷயம்ங்க. என் மச்சினருக்கு கிருஷ்ணகிரி பக்கம் மாங்கூழ் ஃபேக்டரி, பெங்களூரா மாங்கா வரத்து ஆரம்பிச்சா ரெண்டு மூணு மாசத்துக்குள்ள வருஷத்துக்கு வேண்டியத வாங்கி அரைச்சு டிரம்ல அடைக்கணும், காசு திரும்பி வர்றது வருஷம் பூரா, தொழில் நடத்த பேங்க் குடுக்கற சிசி கடனோட லிமிட் பத்தவே பத்தாது. பெங்களூருல இருந்து ஒரு முதலீட்டு ஃபண்டு ஆளுங்க ரெண்டு பேர் கார்ல வந்து பங்குக்கு காசு தர்றோம்னு அறுபது பக்க அக்ரிமென்ட் குடுத்துட்டு போனாங்க, எல்லாம் இங்கிலீஷ். சி.ஏ. படிக்கற என் பொண்ணு ராத்திரி பத்து மணி வரைக்கும் கடையிலயே துணி பண்டல் மேல உக்காந்து ஸ்கேல் வச்சு வரி வரியா படிச்சா. நாப்பத்தி ரெண்டாம் பக்கத்துல நிறுத்திட்டா. அஞ்சு வருஷம் கழிச்சு அவங்க பங்க விக்கறப்ப, வாங்கறவன் முழுசா வேணும்னா மச்சினரும் தன் பங்க அதே வெலைக்கு வித்தாகணும், ட்ராக் அலாங்னு பேராம். "அப்ப அஞ்சு வருஷம் கழிச்சு ஃபேக்டரி யாருதும்மா?"ன்னு மச்சினர் கேட்டாரு, அவ பேப்பரயே பாத்துட்டு இருந்தா.

வந்தவங்க மோசடிக்காரங்கன்னு நான் சொல்லலைங்க, அவங்க ஃபண்டுக்கு காசு போட்டவங்களுக்கு குறிச்ச வருஷத்துல திருப்பித் தந்தாகணும், அந்த தொழிலே அப்படி. ஆனா அது நம்ம சைடுல யாருக்கும் தெரியல. ஓசூர்ல பார்ட்ஸ் பண்றவங்க, பர்கூர்ல கல்லு அறுக்கறவங்க, பால் கம்பெனி வச்சிருக்கறவங்க, யாரு வாசலுக்கும் நாளைக்கு இந்த காரு வரும்.

அதனால ஷ்வார்ஸ்மேன் பத்தி ரெண்டாவது பாகம் ஒண்ணு போடுங்க, கூடவே பங்குதாரர் அக்ரிமென்ட்ல எந்தெந்த ஷரத்த பாக்கணும், எதப் பேசி மாத்தலாம்னு விவரம் தெரிஞ்ச ஆடிட்டர் ஒருத்தர வச்சு நல்ல தமிழ்ல எழுதச் சொல்லுங்க. மச்சினரு மே மாசத்துக்குள்ள பதில் சொல்லணும், அதுக்கு முன்னாடி வந்தா ரொம்ப உபகாரமா இருக்கும்ங்க.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை வாசகர்,
காவேரிப்பட்டினம், கிருஷ்ணகிரி மாவட்டம்.