ஒரு கணக்கை விட்டுவிட்டு நகரவும் பழக வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நுழைவுத் தேர்வுப் பதற்றம் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மூச்சுப் பயிற்சி, போதிய உறக்கம், பெற்றோரின் ஆறுதல் என்று அதில் சொல்லப்பட்டவை எல்லாம் தேவையானவையே. ஆயினும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் படிப்பில் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வுக்கு மாணவர்களைப் பல ஆண்டுகளாகத் தயார்செய்து வருகிறவள் என்ற முறையில், அந்தப் பதற்றம் பெரும்பாலும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வருகிறது என்பேன்.

2023 செப்டம்பரில் சுருக்கப்பட்ட அத்தேர்வின் மொத்த நேரம் 1 மணி 58 நிமிடம். கணிதத்தின் முதல் பகுதியில் 12 வினாக்களுக்கு 21 நிமிடம் என்றால், ஒரு வினாவுக்குக் கிடைப்பது ஒன்றே முக்கால் நிமிடம்தான். என் மாணவி ஒருத்தி மாதிரித் தேர்வில் நான்காவது வினாவிலேயே நின்றுவிட்டாள். வட்டத்துக்குள் முக்கோணம் அமைந்த கணக்கு அது. அதே படத்தைத் தாளின் ஓரத்தில் மூன்று முறை வரைந்து, பென்சில் முனை ஒடிந்த பிறகே நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் ஏழு நிமிடம் போயிருந்தது. வயிற்றில் புளியைக் கரைத்தது போலாகி, மீதி வினாக்களை அவசரமாகப் படித்து, தெரிந்தவற்றையும் தவறவிட்டாள். மறுநாள் அதே தாளை நேரக் கட்டுப்பாடின்றிக் கொடுத்தேன். வட்டக் கணக்கு அப்போதும் அவளுக்கு வரவில்லை. மற்ற பதினொன்றும் சரியாக இருந்தன.

ஒரு பகுதியில் எல்லா வினாக்களுக்கும் மதிப்பு ஒன்றே என்பதும், குறியிட்டு வைத்துவிட்டு அப்பகுதி முடிவதற்குள் திரும்பி வரலாம் என்பதும், தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை என்பதும் அவளுக்கு முன்பே தெரியும். தெரிந்திருந்தும் கை அந்தக் கணக்கை விடவில்லை. ஆகவே இப்போதெல்லாம் பாடம் ஓரளவு பிடிபட்டதுமே, ஐந்து வினாக்களை ஒன்பது நிமிடத்தில் செய்யச் சொல்கிறேன். அவற்றுள் ஒன்றை, வழி புலப்படாத நிலையில் ஒரு நிமிடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்பதும் பயிற்சியின் ஒரு பகுதி. கடைசி மாதத்தில் மட்டும் முழு மாதிரித் தேர்வுகளை அடுக்கடுக்காக எழுத வைப்பதால் இந்தப் பழக்கம் வந்துவிடாது. (தவறுக்கு மதிப்பெண் கழிக்கும் தேர்வுகளில் ஊகித்து விடையளிப்பது பற்றிய கணக்கு வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

தேர்வுக்குச் சற்று முன் பத்து நிமிடம் தம் அச்சத்தை எழுதியவர்களுள், வழக்கமாகவே மிகவும் பதறுகிறவர்கள் கூடுதல் மதிப்பெண் பெற்றதாக உளவியல் ஆய்வாளர்களான ஹெரார்டோ ராமிரெஸும் சியான் பைலாக்கும் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினர். அம்மாணவியையும் எழுதச் சொன்னேன். “விட்டுவிட்டால் எனக்குக் கணக்கே வராது என்று ஆகிவிடுமோ” என்பதுதான் அவள் எழுதிய முதல் வரி. அதைப் படித்த பிறகுதான், அவள் கை ஏன் நகரவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

தங்கள் இதழில் வெளியிடும் மாதிரி வினாத்தொகுப்புகளில், ஒவ்வொரு தொகுப்புக்கும் உரிய நேரத்தையும், எந்த வினாவை முதல் சுற்றில் விட்டுவிடலாம் என்பதையும் விடைகளுடன் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகி