ஐகிரவுண்ட் அண்ணாச்சிக்கு நன்றி
பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அண்ணாச்சிக்குத்தான் இந்தப் பதிவு, பேர் கேட்க விட்டுப்போச்சு. விதைப்பைத் தோலில் மொச்சைக்கொட்டை மாதிரி வெள்ளைக் கட்டிகள், பெண் பார்க்கப் போவோம் என்று அம்மா சொன்னாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழிப்பேன், யாரிடம் போய்ச் சொல்ல? ஓ.பி. சீட்டை மடித்து மடித்து நழுவப் பார்த்தவனிடம் எப்படியோ வாயைப் பிடுங்கி, "எனக்கும் இருந்துச்சுல்லா, எடுத்தாச்சு, டாக்டர் பார்க்காததா, உள்ள போடே" என்றீர்கள்.

புற்றும் இல்லை, பால்வினை நோயும் இல்லையாம், உள்ளே கெரட்டின்தான், தோலிலும் நகத்திலும் இருக்கிற புரதம். மரத்துப்போக ஊசி போட்டு, கட்டியை அதன் உறையோடு சேர்த்து எடுத்து (உறை மிச்சமிருந்தால் திரும்ப வரலாம், பிதுக்கினால் சீழ் வைக்கலாம்) பயாப்சிக்கும் அனுப்பினார்கள். வலி பெரிசில்லை, அதற்கு முன்னால் தூங்காத ராத்திரிகள்தான் பெரிசு. படித்தால் ஒரு வார்த்தை போடுங்க அண்ணாச்சி.