பெயர்ப்பலகைக்கு முன்னால் ஒரு லேத்

இலங்கை மலையகத்துத் தொழிற்பயிற்சியைத் தீர்மானிக்கும் அமைச்சு, அதிகாரசபை, திணைக்களப் பெரியவர்களுக்கு,

வணக்கம். டிக்கோயாப் பக்கம் ஒரு சின்னப் பட்டறை வைத்திருக்கிறேன். உலோகத்தைச் சுழற்றிக் கடைகிற லேத் இயந்திரத்தில் தேயிலைத் தொழிற்சாலைகளுக்குத் தண்டு கடைவது, தண்டு சுழலும் துளைக்குப் புஷ் என்கிற உலோக வளையம் போடுவது, உடைந்த பற்சக்கரத்துக்குப் பதில் புதிதாக ஒன்று வெட்டுவது, இதுதான் 26 வருஷமாக என் பிழைப்பு. அண்மையில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். நம் பிள்ளைகளுக்கு விமானத் தொழில்நுட்பப் பயிற்சியும் நவீன உற்பத்திப் பயிற்சியும் வரவேண்டும் என்று மேடையில் ஒருவர் பேசினார். நன்றாகக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் அக்கா மகனின் ஞாபகம் வந்தது.

அவன் சாதாரண தரம் முடித்துவிட்டு ஒரு பயிற்சி நிலையத்தில் இயந்திரத்தில் உலோகம் வெட்டப் பழக்கும் ஆறு மாத 'மெஷினிஸ்ட்' வகுப்புக்குப் போனான். எந்த நிலையம் என்பது இங்கே முக்கியமில்லை. அங்கே கணினி சொல்கிறபடி உலோகம் வெட்டும் சிஎன்சி இயந்திரம் ஒன்று இருந்தது. திறப்பு விழாப் படத்தில் அதற்கு மாலைகூடப் போட்டிருந்தார்கள். அவன் படித்த ஆறு மாதமும் அதன் மேல் பொலித்தீன் உறை கிடந்தது. மென்பொருள் அனுமதி முடிந்துவிட்டது என்று ஒரு நாளும், போதனாசிரியர் மாற்றலாகிவிட்டார் என்று இன்னொரு நாளும் சொன்னார்களாம். குறிப்புகளெல்லாம் சிங்களத்தில். பக்கத்திலிருந்த சிங்களப் பையன் ஒருவன் பாவம், தனக்குத் தெரிந்த தமிழில் இவனுக்கு விளக்கிச் சொல்லியிருக்கிறான். சான்றிதழ் கிடைத்தது. இப்போது கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறான்.

அதனால் கேட்கிறேன். விமானம் என்ற பெயர்ப்பலகை பிறகு வரட்டும். முதலில் உலோகத்தைச் சரியாக வெட்டவும் அளக்கவும் தெரிந்த ஒரு தொழிலாளியை, தமிழில் படிப்பித்து, முழுதாக உருவாக்கிக் காட்டுங்கள்.

அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகளை அந்தக் கூட்டத்தில் உதாரணம் காட்டினார்கள். நல்ல உதாரணந்தான். வாஷிங்டன் மாநிலத்தில் போயிங்கின் எவரெட் தொழிற்சாலை ஓடுபாதை ஓரமாக நிற்கிறது. அதே பெயின் ஃபீல்ட் விமானத்தளத்தில் எட்மண்ட்ஸ் கல்லூரி ஒரு பயிற்சி மையம் நடத்துகிறது. சில வார வகுப்பிலேயே தகடு துளைக்கவும் ரிவெட் அடிக்கவும் அங்கே பழக்கிவிடுவார்கள். நம்மவர்கள் கேட்டுக்கொண்டு வருவது இந்தச் சில வாரக் கதையை மட்டும்தான். அதே மாநிலம் 2008இல் விமானத் தொழிலுக்கென்று ஒரு கூட்டுத் தொழில்பயிலுநர் அமைப்பையும் தொடங்கியது. அதில் மெஷினிஸ்ட் ஆக வேண்டுமானால் நான்கு வருஷம், 8000 மணி நேரம் கம்பனியில் சம்பளத்துக்கு வேலை செய்யவேண்டும், கூடவே கல்லூரி வகுப்புக்கும் போகவேண்டும். முதலாளி முதலிலேயே உள்ளே வந்துவிடுகிறார். பையன் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாக அலைவதில்லை.

ஏன் அவ்வளவு காலம்? 1990 ஜூன் 10ஆம் திகதி பர்மிங்ஹாமிலிருந்து மலாகாவுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், நடுவானில் விமானி முன்னாலிருந்த கண்ணாடி பிய்த்துக்கொண்டு போனது. விமானியின் பாதி உடம்பு வெளியே இழுபட்டுவிட்டது. ஊழியர்கள் காலைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள், மனிதர் பிழைத்தார். காரணம் என்னவென்றால், அந்தக் கண்ணாடியை முதல் நாள்தான் மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்த 90 திருகாணிகளில் 84 ஆணிகளின் விட்டம் 0.026 அங்குலம் குறைவு. மில்லிமீற்றரில் 0.66. பழைய ஆணியைக் கையில் வைத்து, கண் பார்வையில் ஒத்துப்பார்த்து எடுத்ததால் வந்த வினை. நம் பட்டறைகளில் தினமும் நடக்கிற காரியம் இது. நானும் செய்திருக்கிறேன், பொய் சொல்லவில்லை. கையில் நுட்பமாக அளக்கும் மைக்ரோமீற்றர் இருந்தும் அதை எடுக்கச் சோம்பல்படுகிற பழக்கத்தை ஆறு மாதத்தில் மாற்ற முடியாது.

தேயிலை கிள்ளிய விரல்களுக்கு நுட்பம் இயல்பாகவே வரும் என்று யாராவது மேடையில் சொல்லத்தான் போகிறார்கள். தயவு செய்து சொல்லாதீர்கள். விரலில் வருவதில்லை, பழக்கத்தில் வருவது. ஆனால் பழகுவதற்கு வேண்டிய வேலை நம் மலைகளிலேயே கிடக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் இருக்கிற சிடிசி இயந்திரத்தைப் பாருங்கள். பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 சுற்று, மற்றது 700. நடுவில் கொழுந்து அரைபட்டு, கிழிந்து, சுருளும். பல் மழுங்கினால் இலை வெட்டுப்படாமல் நசுங்கும், தேநீரின் நிறமும் குணமும் போய்விடும். ஆகவே உருளைகளைக் கழற்றி லேத்தில் ஏற்றி, மேற்பரப்பைச் சமன் செய்து, பல்லை மறுபடி வெட்டவேண்டும். இரண்டுக்கும் இடையிலான வெளியை 'தௌ' கணக்கில் வைக்கவேண்டும், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. விமானப் பாகம் செய்கிறவனும் இதே மொழிதான் பேசுகிறான். நோர்ட்டன் பிரிட்ஜ், லக்சபான, மேல் கொத்மலை நீர்மின் நிலையங்களில் சுழலும் டர்பைன்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பழகிய கைக்கு விமானம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மூடிய தேயிலைத் தொழிற்சாலைகள் எத்தனை நிற்கின்றன! கந்தப்பளையில் ஒன்று ஹோட்டலாகியிருக்கிறது, அழகாகத்தான் இருக்கிறது. இன்னொன்று பட்டறையாகட்டுமே. பாரமான இயந்திரங்களைத் தாங்கிய அத்திவாரம், பெரிய மின்சார இணைப்புக்கான ஏற்பாடு, லொறி வந்து திரும்ப முற்றம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அளவுக்கூடம் ஒன்று மட்டும் ஒழுங்காகக் கட்டவேண்டும். உலகமெங்கும் நீள அளவுக்கு ஒப்பு வெப்பநிலை 20 பாகை செல்சியஸ். 100 மில்லிமீற்றர் அலுமினியத் துண்டு 10 பாகை சூடானால் 0.023 மில்லிமீற்றர் நீளும். காலையில் சரியாக இருந்த துண்டு மத்தியானம் தவறாகிவிடும். கொழும்பை விட இங்கே ஏசி பில் குறைவாக வரும் என்பதை உங்கள் கணக்காளரிடம் சொல்லிப் பாருங்கள்.

மொழி விஷயத்தில்தான் எனக்குக் கோபம். தமிழில் பாடநூல் இல்லை என்ற பதிலை எத்தனை முறை கேட்டுவிட்டேன். சென்னை கிண்டியில் 'நிமி' என்று இந்திய அரசின் நிறுவனம் ஒன்று உண்டு. ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட் என்று ஐடிஐ என்கிற அங்குள்ள தொழிற்பயிற்சி நிலையப் பிள்ளைகளுக்கான தொழிற்பாட நூல்களைத் தமிழிலும் அச்சிடுகிறது. தமிழ்நாட்டில் 'கடைசல் இயந்திரம்' என்றும் எழுதுவார்கள், நாம் 'லேத்' என்போம். அவ்வளவுதான் வித்தியாசம். பேசி, அனுமதி வாங்கி, என்விகியூ என்கிற நம் தேசிய தொழில்தகைமைப் பாடத்திட்டத்தோடு பொருத்த ஒரு குழுவைப் போடுங்கள். ஆங்கில வரைபடம் வாசிக்கவும் அளவுச் சொற்களைப் புரிந்துகொள்ளவும் தனி வகுப்பு வையுங்கள், அது கட்டாயம் வேண்டும். ஆனால் ஒரு பையனுக்கு ஏன் இந்த உளி இந்த வேகத்தில் உடைகிறது என்று அவன் சொந்த மொழியில் ஒருவர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அப்புறம், பெண் பிள்ளைகள். விண்ணப்பப் படிவத்தில் அவர்களுக்குத் தையல், அழகுக்கலை என்று முன்கூட்டியே ஒதுக்கிவிடாதீர்கள். பொகவந்தலாவையிலிருந்து வருகிற பிள்ளைக்கு விடுதியும் பஸ் காசும் இல்லாவிட்டால் மற்ற எந்த ஏற்பாடும் வீண். காலை முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைக்கு வகுப்பு இல்லை. தோட்டத்தில் ஒரு நாள் பேர் போட்டால், அதாவது வேலைக்குப் போனால், கிடைக்கிற காசை விட்டுவிட்டு அந்தப் பிள்ளை படிக்க வருகிறது என்பதையும் உதவித்தொகையைத் தீர்மானிக்கிறவர் மனதில் வைக்கட்டும்.

முதல் வருஷத்துக்குப் பதினைந்து பேர் போதும். அவர்களை எடுப்பதற்கு முன்பே இரண்டு பட்டறை, இரண்டு தேயிலைத் தொழிற்சாலை, கண்டிப் பக்கம் பல்லேகலையில் ஒரு கம்பனி என்று ஐந்து பேரிடம் கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்து வராவிட்டால் வகுப்பைத் தொடங்க வேண்டாம்.

முதல் கையெழுத்து என்னுடையது. வாரத்தில் மூன்று நாள் இரண்டு பிள்ளைகளை என் லேத்தில் நிற்கவிடத் தயார். உங்களில் யாராவது இந்தப் பக்கம் வந்தால் பட்டறைக்கு வாருங்கள், தேநீர் தருகிறேன். இப்போது ஒரு சிடிசி உருளை லேத்தில் ஏறியிருக்கிறது, பாதி பல்தான் வெட்டி முடிந்திருக்கிறது.

இப்படிக்கு,
டிக்கோயாவிலிருந்து ஒரு லேத்காரன்