12 வோல்ட்தானே என்று விடாதீர்கள்

கம்ப்யூட்டர் அசெம்பிளி, சர்வீஸ் கடை நடத்துவோருக்கு,

வணக்கம். கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ்.ஸில் (சப்ளை) சாட்டா முனை, அதாவது ஹார்ட் டிஸ்க்குக்குக் கரண்ட் கொடுக்கும் தட்டை முனை, பத்தாவிட்டால் சட்டென்று கைக்கு வருவது, பழைய 4 பின் மோலெக்ஸ் முனையைச் சாட்டாவாக மாற்றும் மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டர். அதில் ஒரு வகையை இனி மாட்டாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சாட்டா முனையின் பின்பக்கத்தைப் பாருங்கள். வயர்கள் ஒரே கட்டி பிளாஸ்டிக்குக்குள் புதைந்து மறைந்தால் அது வார்ப்பு வகை. அச்சில் வயரை வைத்து, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தி நிரப்பியது. நிரப்பும்போது வயர் நகர்ந்திருந்தால் வெளியே தெரியாது. ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே 1.27 மி.மீ.தான். 12 வோல்ட் மஞ்சள் வயரும் கிரவுண்ட் கறுப்பு வயரும் உள்ளே அதைவிட நெருங்கிவிட்டால், நாள்பட்ட சூட்டில் நடுவிலுள்ள பிளாஸ்டிக் கரியாகும். கரியில் கரண்ட் பாயும்.

ஷார்ட் ஆனால் சப்ளை ட்ரிப் ஆகுமே என்பீர்கள். முழு ஷார்ட் என்றால் ஆகும். ஆனால் 650 வாட்ஸ் சப்ளைகள் பலவற்றில் 12 வோல்ட் லைன் ஒன்றே 50 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். கரி வழியே 10 ஆம்பியர் போனால், சப்ளையின் கணக்கில் அது இன்னொரு கிராபிக்ஸ் கார்டு, அவ்வளவுதான்; ட்ரிப் ஆகாது. 10 ஆம்பியர் என்றால் 120 வாட்ஸ். நாம் ஈயம் வைக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட்ஸ்! தொட்டால் ஷாக் அடிக்காத லைன் தீப்பிடிப்பது இப்படித்தான்.

பின்மூடி தனியாகக் கழன்று, ஒவ்வொரு வயரும் தனிப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் வகையை வாங்குங்கள். சப்ளையிலேயே சாட்டா கேபிள் மிச்சமிருந்தால் கன்வெர்ட்டரே வேண்டாம்.

சாட்டாவிலிருந்து கிராபிக்ஸ் கார்டுக்கு 6 பின் பவர் முனை எடுப்பது அதைவிட மோசம். சாட்டாவில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், பின்னுக்கு 1.5 ஆம்பியர், மொத்தம் 54 வாட்ஸ். 6 பின் முனை வழியே கார்டு 75 வாட்ஸ் வரை இழுக்கும்.

மாடுலர் சப்ளையில் (கேபிள்களைக் கழற்றி மாட்டும் வகை) வேறு சப்ளையின் கேபிளை மாற்றி மாட்டுவதும் வழக்கமாகிவிட்டது. சப்ளை பக்கத்துப் பின் வரிசைக்குப் பொது விதி கிடையாது. செருக முடிகிறது என்பதாலேயே பொருந்தும் என்றாகாது. 5 வோல்ட் இடத்தில் 12 வந்தால் ஹார்ட் டிஸ்க் அன்றோடு சரி. டிஸ்க்கை மாட்டுமுன் மல்டிமீட்டர் வையுங்கள்: 5 வோல்ட் லைனில் 4.75-இலிருந்து 5.25, 12 வோல்ட் லைனில் 11.4-இலிருந்து 12.6 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும்.

சர்வீஸுக்கு வரும் கேபினெட்டில் பழுப்பேறிய முனையோ, கருகல் வாடையோ இருந்தால் முதலில் பவர் வயரை உருவிவிட்டு, கன்வெர்ட்டரைக் கழற்றுங்கள். கழற்றியதை டிராயரில் போடாமல் இரண்டாக வெட்டிப் போடுங்கள். முழுசாகக் கிடந்தால், அவசரத்துக்குக் கடைப் பையன் எடுத்து மாட்டிவிடுவான்.

இப்படிக்கு,
ஹார்டுவேர் சர்வீஸ் டெக்னீஷியன்கள்