'மீனவரின் மனைவி' என்று போட்டது தப்பு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் நியூஜெர்சியில் குடியேறி இருபது வருஷம் ஆகப்போகிறது. இப்போது பாம்பனில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் சென்ற இதழில் வெளிநாட்டுத் தமிழர்கள் பண்பாட்டைக் காப்பது பற்றி வந்த கட்டுரையையும், நாலு பக்கம் தள்ளி இருந்த எங்கள் கடற்கரைப் படங்களையும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தேன். ஒரு படத்தில் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஒரு அம்மா நனைந்துபோய் நிற்கிறார். கீழே 'மீனவரின் மனைவி' என்று இருக்கிறது. அந்தக் கண்ணாடி எதற்கு என்று படம் எடுத்தவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அது பாசி எடுக்கிறவர்கள் போடும் கண்ணாடி. என் அம்மாவும் முப்பது வருஷம் பாசிக்குப் போனவர். விடியும் முன்னே படகேறித் தீவுப் பக்கம் போய், மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியையும் கஞ்சிப்பாசியையும் கையால் பறித்து, இடுப்புப் பையில் திணித்துக்கொண்டு மேலே வர வேண்டும், அப்புறம் மறுபடி முங்க வேண்டும், தண்ணி ஏறுகிற வரைக்கும் இதுதான். ஜெல்லியைக் கெட்டிப்படுத்துகிற அகர் இந்தப் பாசியிலிருந்துதான் வருகிறது. எங்கள் பக்கம் வடக்கே பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்பார்கள், சாதுவாகக் கிடக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண்கடல். தனுஷ்கோடிக்கு வருகிறவர்களுக்கு வேன்காரர்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். அந்த ஆண்கடலில் முங்கிப் பாசி எடுக்கிறது பெண்கள்தான் என்று எந்த வேன்காரரும் சொல்லி நான் கேட்டதில்லை.

உங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என் பள்ளிக்கூட விண்ணப்பத்தில் அப்பா தொழில் மீன்பிடி, அம்மா தொழில் வீட்டு வேலை. நிரப்பியது நானேதான், பத்தாம் வகுப்பில். பிறகு அமெரிக்காவில் யாராவது கேட்டால் "அம்மா வீட்ல இருக்காங்க" என்று சொல்லிப் பழகிவிட்டேன். பட்டுச் சேலைக் கூட்டத்தில் பாசி என்று சொல்லக் கூச்சம், வேறென்ன.

2006இல் கல்யாணமாகிப் போனபோது அவருக்கு எச்1பி என்ற வேலை விசா, எனக்கு அவர் மனைவி என்பதால் கிடைத்த எச்4 விசா. எம்.எஸ்சி. முடித்திருந்தும் அந்த விசாவில் வேலைக்குப் போக முடியாது. எந்தப் பாரத்தை நிரப்பினாலும் இன்னாரின் மனைவி, அவரைச் சார்ந்திருப்பவர், அவ்வளவுதான். கணவரின் கிரீன் கார்டு மனு ஒரு கட்டம் தாண்டியிருந்தால் எச்4 மனைவியும் வேலை செய்யலாம் என்ற விதி 2015 மே மாதம்தான் நடைமுறைக்கு வந்தது. அதுவரை ஒன்பது வருஷம். அம்மா போனில் "ஏத்தா, இன்னும் சும்மாவா இருக்க?" என்று கேட்கும்போதெல்லாம் எரிச்சலாக வரும்.

சும்மா ஒன்றும் இருக்கவில்லை. உங்கள் கட்டுரையாளர் மெச்சுகிற பண்பாட்டைத்தான் காத்துக்கொண்டிருந்தேன்! பொங்கல் விழாவில் இருநூறு பேருக்குச் சமையல், வாராவாரம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது, ஜனவரிக் குளிரில் பூ வாங்க அலைவது, எல்லாம் நாங்கள். மேடையில் பண்பாடு பற்றிப் பேசுகிறவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் வேட்டி கட்டுவது வருஷத்தில் அந்த ஒரு நாள், அதுவும் வெல்க்ரோ வைத்தது. கட்டுரையில் அவர்கள் பேச்சுதான் வந்திருக்கிறது.

சாப்பிட்டு முடித்ததும் அரசியல் தொடங்கும். 1974இல் கச்சத்தீவு எப்படிப் போனது, யார் கொடுத்தது, யார் மீட்பார், படகில் கால் வைக்காதவர்கள்கூட இரண்டு மணி நேரம் பேசுவார்கள். நான் ஊர்க்காரி என்று தெரிந்தும் என்னிடம் கேட்டது, இன்னும் கொஞ்சம் ரசம் இருக்கிறதா என்று. அந்தத் தீவு அந்தோணியார் திருவிழாவுக்குச் சின்ன வயதில் போய்வந்தவர் என் அம்மா. இலங்கைக் கடற்படை நம் மீனவர் படகைப் பிடித்துக்கொண்டு போவது சின்ன விஷயம் இல்லை, என் தாய்மாமனே அக்கரையில் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். ஆனால் மீனவர் பிரச்சினை என்றால் அது மட்டும்தானா? 1986இல் எங்கள் பக்கத்துத் தீவுகளைக் கடல்சார் தேசியப் பூங்கா ஆக்கினார்கள். பவளப்பாறை அழிந்துகொண்டிருந்தது உண்மை, காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் வழக்கமாகப் போய்வந்த இடத்துக்கே பயந்து பயந்து போக வேண்டியதாகிவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். அதுவும் அரசியல்தான், எங்கள் ஹாலில் ஒருநாளும் பேச்சில் வந்ததில்லை.

இத்தனைக்கும் அந்தப் பெண்களே கூடிப் பேசி, மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் போவது, இரும்பால் சுரண்டக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்ற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015இல் அமெரிக்காவில், தீவுகளின் இயற்கையைக் காக்கிறவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசு கொடுத்தார்கள். எச்4 விதி மாறிய அதே வருஷம். இணையத்தில் அவர் படத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் பக்கத்து வீட்டுத் தெலுங்கு அக்காவிடம் "எங்க அம்மாவும் இந்த வேலைதான்" என்று முதல் தடவையாகச் சொன்னேன்.

படத்தை அம்மாவிடம் காட்டி, கீழே எழுதியிருப்பதை வாசித்தேன். அம்மாவுக்கு ஆளைத் தெரிந்திருக்கிறது. "அவ புருஷன் போய்ச் சேந்து எத்தனையோ வருஷமாச்சு, இவுக எந்த மீனவனைச் சொல்றாக?" என்றார்.

அடுத்த இதழில் 'பாசி எடுக்கும் தொழிலாளி, பாம்பன்' என்று திருத்திப் போடுங்கள். ஆள் அனுப்பிப் பெயரும் கேட்டுப் போட்டால் இன்னும் நல்லது. காலையில் மட்டும் வர வேண்டாம், கடலுக்குப் போயிருப்பார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்