நூலகங்களில் நீக்கப்படும் நூல்களை வாசகர்களுக்கு மலிவு விலையில் விற்கக் கோரும் மனு

அனுப்புநர்
கிளை நூலக உறுப்பினர் (தையல் தொழிலாளி)

பெறுநர்
மாவட்ட நூலக அலுவலர் அவர்கள்,
மாவட்ட நூலக ஆணைக்குழு.

பொருள்: நீக்கம் செய்யப்படும் நூல்களையும் பழைய இதழ்களையும் எடைக்குப் போடும் முன் வாசகர்களுக்கு விற்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் 11 ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுத்து வருகிறேன். என் மகள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படித்து வருகிறாள்.

சென்ற மாதம் சந்தைக்கு அருகிலுள்ள பழைய பேப்பர் கடையில், சணல் கயிறு போட்டுக் கட்டிவைத்த கட்டுகளுக்கு நடுவே நூலக முத்திரையும் சேர்க்கை எண்ணும் உள்ள புத்தகங்கள் கிடந்தன. நூலகம் ஒன்றில் கழித்து எடைக்குப் போட்டவை என்று கடைக்காரர் சொன்னார். அவற்றில் இருந்த ஓர் இந்திய வரலாற்று நூலுக்கு முதுகுப்புறம் மட்டும் பிய்ந்திருந்தது. உள்ளே ஒரு தாள்கூடக் குறையவில்லை. அதில் ஒட்டியிருந்த தேதித்தாளில் கடைசிக் கட்டம் வரை முத்திரை விழுந்திருந்ததால், பலர் படித்துத் தேய்ந்த நூல் அது என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. கிலோ 15 ரூபாய்க்கு எடுத்ததாகச் சொன்ன கடைக்காரர் அந்த ஒரு புத்தகத்துக்கு என்னிடம் 40 ரூபாய் கேட்டார். கொடுத்து வாங்கி வந்தேன். எந்த நூலகத்து நூல் என்பதை இங்கே குறிப்பிடவில்லை. பணியாளர் எவரையும் குறை சொல்வது என் நோக்கமன்று.

அலமாரியில் இடம் வேண்டுமானால் செல்லரித்தவற்றையும் பழசாகிப்போன வழிகாட்டி நூல்களையும் நீக்கித்தான் ஆகவேண்டும் என்பதை அறிவேன். ஆனால், சொத்து வரியோடு ரூபாய்க்கு 10 காசு வீதம் நூலக வரி செலுத்தும் மக்களின் பணத்தில் வாங்கிய நூல், அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் தராசுக்குப் போவது முறையாகத் தோன்றவில்லை. புத்தகத் திருவிழாவில் கிடைக்கும் 10 விழுக்காடு தள்ளுபடி, 300 ரூபாய் நூலை 270 ரூபாய் ஆக்குகிறது. என் போன்றோருக்கு அதுவும் ஒரு ரவிக்கைக்கான தையற்கூலிக்கு மேல்தான்.

ஆகவே, ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 20 வரை நடைபெறும் தேசிய நூலக வார விழாவின்போது, மாவட்ட மைய நூலகத்திலும் கிளை நூலகங்களிலும் நீக்கப்பட்ட நூல்களை 10, 20 ரூபாய் என்ற நிலையான விலையில் விற்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரையைக் குத்திக் கொடுத்தால், பின்னாளில் அந்த நூல் களவு போனதோ என்ற ஐயம் எழாது. விற்பனை பற்றி ஒரு வாரம் முன்னதாக அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட வேண்டும். முதல் இரண்டு நாள் உறுப்பினர்களுக்கும் மாணவர்களுக்கும் மட்டும் ஒதுக்க வேண்டும். இல்லையேல் பழைய புத்தக வியாபாரிகள் காலையிலேயே மூட்டை கட்டிவிடுவார்கள். ‘திட்டம்’ போன்ற மாத இதழ்களின் பழைய பிரதிகளையும் ஆண்டு வாரியாகக் கட்டி விற்றால், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் வரிசையில் நின்று வாங்குவார்கள். மிஞ்சுவதை வழக்கம்போல் எடைக்குப் போடலாம்.

இதற்குச் சட்டவிதியிலோ கணக்குத் தணிக்கையிலோ தடை ஏதும் இருப்பின், அதை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கிளை நூலக உறுப்பினர்

இணைப்பு: மேற்படி நூலின் தேதித்தாள் ஒளிநகல் (நூலகத்தின் பெயர் மறைக்கப்பட்டது).