பனியையும் கரண்டையும் பார்த்து சி.டி. பிளேயர் வாங்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கை மலையகத்தில், ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளைக் கடைகளின் கண்ணாடி அலுமாரிகளில் கசட் ரேடியோக்களுக்குப் பக்கத்தில் இந்த 1990 தீபாவளிக்கு சி.டி. பிளேயரும் வந்து உட்கார்ந்திருக்கிறது. மத்திய கிழக்கிலிருந்து திரும்புகிறவர்களின் பெட்டிகளிலும் வருகிறது. 1982 ஒக்டோபரில் ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது சொனி கருவியின் விலை 168,000 யென். எட்டு ஆண்டுகளில் விலை வெகுவாக இறங்கிவிட்டதால்தான் நம்மவர்களும் துணிந்து விலை கேட்கிறார்கள். ஆனால் கடையில் அவர்களுக்குக் கிடைக்கும் பதில் எல்லாம் '16 பிட்', '8 மடங்கு', 'ரிமோட் இருக்கிறது' என்பதுதான். மலையகத்தில் இந்தக் கருவியைப் பாடாய்ப் படுத்துவது பனியும் கரண்டும் பஸ் குலுக்கலும். அவற்றைப் பற்றிச் சொல்வார் இல்லை.

பிட் என்பது தட்டில் எண்களாகப் பதிந்த சத்தத்தைக் கருவி எவ்வளவு நுணுக்கமாக மீட்கிறது என்ற கணக்கு, மடங்கு என்பது அந்த எண்களை, அதாவது மாதிரிகளை, எத்தனை மடங்காகப் பெருக்குகிறது என்ற கணக்கு. இந்தக் கணக்கை ஓரமாக வைத்துவிடலாம். பிலிப்ஸின் முதல் கருவிகளில் இருந்தது 14 பிட்தான். ஆனால் மாதிரிகளை 4 மடங்காக்கி வடிகட்டும் முறையால் அவை 16 பிட்டுக்கு இணையாகவே பாடின. எனவே பழைய 14 பிட் கருவி ஒன்று நல்ல நிலையில், குறைந்த விலைக்குக் கிடைத்தால் அந்த எண்ணைப் பார்த்து ஒதுக்க வேண்டாம். இந்த 1990 அளவில் '1 பிட்' என்று புதிதாக வந்திருக்கிறது. அது வேறு வழியில் செய்யும் கணக்கு, தரக்குறைவு அல்ல. 4 மடங்குக்கும் 8 மடங்குக்கும் உள்ள விலை வித்தியாசத்தை ஸ்பீக்கருக்குச் செலவிட்டால் காதுக்குத் தெரியும்.

கருவியைத் திருப்பி முதுகைப் பாருங்கள். ஜப்பான் உள்நாட்டுக்கென்று செய்தவை 100 வோல்ட். சவூதியில் 1990இல் பல வீடுகளில் 127 வோல்ட். நமக்கு 230. பின்பக்கத்தில் 110–120, 220–240 என்று மாற்றும் சுவிட்ச் இருந்தால் கவலை இல்லை, ஆனால் பிளக்கைச் செருகும் முன்பே அதைத் திருப்பிவிட வேண்டும். சுவிட்ச் இல்லாமல் 100 வோல்ட் மட்டும் என்றால் தனி ட்ரான்ஸ்போமர் தேவை. வீட்டுப் பிளேயர் இழுப்பது பெரும்பாலும் 10 முதல் 20 வாட். ஆகவே 50 வாட் ட்ரான்ஸ்போமரே தாராளம், பெரியதை வாங்கிக் காசைக் கொட்ட வேண்டியதில்லை. 60 ஹேர்ட்ஸ் கருவி இங்குள்ள 50 ஹேர்ட்ஸில் மெதுவாகப் பாடும் என்ற பயமும் வேண்டாம். சில இசைத்தட்டுப் பிளேயர்களில் அப்படி நடக்கும். சி.டி.யின் வேகத்தைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் படிகம்.

மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கு எரியும்போது தேயிலைத் தோட்டப் பகுதிகளில் வோல்ட் இறங்கும். அப்போது பாட்டு நடுவில் நின்று மீண்டும் முதல் பாட்டுக்குப் போனால் கோளாறு பிளேயரில் என்று முடிவுகட்டி அதைக் கழற்றாதீர்கள். வோல்ட்டைச் சீராக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். ஏப்ரலிலும், ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் பின்னேரங்களில் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே கழற்றிவிடுங்கள்.

அடுத்தது பயணம். சி.டி.யின் தடங்கள் 1.6 மைக்ரோன் இடைவெளியில் ஓடுகின்றன. ஒரு தலைமயிரின் அகலத்துக்குள் முப்பது தடம் அடங்கும். அதைப் பின்தொடரும் லென்ஸ் மெல்லிய தாங்கியில் ஆடிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் பயணத்தில் அது ஆடாமல் பிடிக்கப் பல கருவிகளின் அடிப்பக்கத்தில் சிவப்பு நிறத் திருகாணியோ பூட்டோ வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றாவிட்டால் தட்டு சுழலாது, அல்லது 'டிஸ்க் இல்லை' என்று காட்டும். கழற்றியதை ஒரு பையில் போட்டுக் கருவியோடு சேர்த்து ஒட்டி வையுங்கள். திருத்தக் கொண்டுபோகும்போது அதைப் பூட்டாமல் பஸ்ஸில் ஏற்றினால் சிறு கோளாறு பெருங்கோளாறாகித்தான் கடைக்கு வந்து சேரும்.

நுவரெலியா, தலவாக்கலைப் பக்கம் இருப்பவர்கள் கட்டாயம் அறிய வேண்டியது பனி. பெரும்பாலான கையேடுகள் 5 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்றுதான் சொல்கின்றன. தை மாத விடியலில் நுவரெலியா அந்த 5 பாகைக்கும் கீழே போவதுண்டு. குளிரைவிடக் கெடுதி செய்வது அதன் பிறகு வரும் சூடு. இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த கருவி இருக்கும் அறையில் அடுப்பு மூட்டினால், அல்லது தண்ணீர் கொதித்து ஆவி பரவினால், மூக்குக்கண்ணாடி மங்குவதைப் போல லென்ஸ் மங்கும். லேசர் தட்டைப் படிக்காது. மலையிலிருந்து கொழும்புக்குக் கொண்டுபோய் உடனே போட்டாலும் இதே கதைதான். சி.டி. தட்டை வெளியே எடுத்து, அதை வைக்கும் தட்டத்தை உள்ளே தள்ளி மூடி, கரண்ட் கொடுத்து ஒரு மணி நேரம் விட்டுவிடுங்கள், பாடும். சில வேளை இரண்டு மணி நேரம் ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல் மூடியைத் திறந்து துணியால் துடைத்துத்தான் பல லென்ஸ்கள் கீறப்படுகின்றன. அடுப்படிச் சுவரை ஒட்டியோ, மழைக்கு ஈரம் ஊறும் சுவரை ஒட்டியோ பிளேயரை வைக்கக் கூடாது. லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. மூடியைத் திறந்து எரிகிறதா என்று எட்டிப் பார்ப்பது கண்ணுக்கு ஆபத்து.

எதனோடு இணைப்பது என்பதையும் வாங்கும் முன்பே யோசியுங்கள். பிளேயரிலிருந்து வரும் சத்தம் ஏறத்தாழ 2 வோல்ட். அம்பிளிபயரில் 'ஆக்ஸ்' அல்லது 'சி.டி.' என்ற துளைதான் அதற்கு உரியது. 'போனோ' துளை இசைத்தட்டு ஊசியின் மிக மெல்லிய சமிக்ஞைக்கு உரியது, அதில் செருகினால் கரகரத்து உடைந்த சத்தம் வரும். ரேடியோ கசட்டில் மைக் துளை மட்டும் இருந்தால் அதிலும் செருகாதீர்கள். பழைய ஒற்றை ஸ்பீக்கர் செட்டுக்கு இடது, வலது இரண்டையும் நேரே முறுக்கிச் சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டுச் சேருங்கள். இன்னொன்று: கசட்டில் பாட்டுக்கு முன்னால் 'ஸ்...' என்ற இரைச்சல் கேட்கும், சி.டி.யில் கேட்காது. அந்த அமைதியில் சத்தத்தைக் கூட்டிவிட்டால் திடீரென்று வரும் மேளம் சிறிய ஸ்பீக்கரைக் கிழித்துவிடும்.

கடையில் சோதிக்கப் பத்து நிமிடம் போதும். 70 நிமிடத்துக்கு நெருங்கிய தட்டொன்றைக் கேட்டு வாங்கி அதன் கடைசிப் பாட்டைப் போடுங்கள். சி.டி. உள்ளிருந்து வெளியே ஓடுவது, எனவே களைத்த கருவி வெளி விளிம்பில்தான் தடுமாறும். முதல் பாட்டிலிருந்து கடைசிக்குத் தாவச் சில வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது. கடைக்காரரின் பழைய தட்டொன்றின் பளபளப்பான பக்கத்தில், தண்ணீரில் அழியும் பேனாவால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக 1 மில்லிமீற்றர் கோடு ஒன்று இழுங்கள். 2 மில்லிமீற்றருக்குச் சற்று அதிகமான இழப்பைக்கூட ஈடுசெய்ய சி.டி. முறையிலேயே வழி இருக்கிறது. 1 மில்லிமீற்றருக்கே திக்கும் கருவியை அங்கேயே விட்டுவிடுங்கள். ஓடும்போது மூடியில் விரலால் மெல்லத் தட்டுங்கள், பாட்டு தாவக் கூடாது. 20 பாட்டை விரும்பிய வரிசையில் போடும் வசதி, ரிமோட் எல்லாம் இல்லாவிட்டாலும் குறையில்லை.

கையடக்கப் பிளேயர் மலிவாகத் தெரியும். ஆனால் நடந்தால் தாவும், பற்றரியும் சில மணி நேரமே தாங்கும். கரண்ட் எட்டாத லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கார் பற்றரியில் போடலாம் என்று நினைப்பவர்கள் 12 வோல்ட்டை நேரே கொடுத்தால் கருவி கருகிவிடலாம். கருவியில் எழுதியுள்ள வோல்ட்டுக்கு இறக்கும் அடப்டர் வேண்டும். பிளக்கின் நடு ஊசி பிளஸ்ஸா மைனஸா என்று பக்கத்தில் உள்ள சிறு படத்தையும் பாருங்கள்.

தட்டைத் துடைப்பது எப்போதும் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக, இசைத்தட்டைப் போல வட்டமாக அல்ல. எழுத்துள்ள பக்கத்தைக் கவனமாகக் கையாளுங்கள். அலுமினியப் படலம் அந்தப் பக்கத்தில் மெல்லிய பூச்சுக்கு அடியில்தான் இருக்கிறது.

வீட்டில் உள்ள பாட்டெல்லாம் கசட்டாகவே இருந்தால் அவசரப்பட வேண்டாம். இந்த 1990இல் தமிழ்ப் பாட்டுக்கு சி.டி. இன்னும் சொற்பமே. அட்டையில் ஏ.ஏ.டி. (AAD) என்று இருந்தால் அது எண் முறையில் அல்லாமல் பழைய அனலொக் முறையில் நாடாவில் பதிந்த பாட்டு. அந்த நாடாவின் இரைச்சலும் தட்டோடு கூடவே வரும்.

மலையகக் கடைக்காரர்களிடம் உங்கள் பத்திரிகை வாயிலாக இரண்டு வேண்டுகோள்கள். பெட்டியை உடைத்து, கரண்ட் கொடுத்து, பாடவிட்டுக் காட்டிய பிறகே காசை வாங்குங்கள். வோல்ட் சுவிட்ச், சிவப்புத் திருகாணி, பனி ஆகிய மூன்றையும் தமிழில் அரைப் பக்கத்தில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள்.

இப்படிக்கு,
ரேடியோ திருத்துநர் ஒருவர்,
ஹட்டன்.